செத்த சாளை

நிஸ்தார் நானாவின் தட்டில்
கடைசியாகக் கிடந்தவை நாலு சாளை.
கண் சிவந்து, வயிறு விட்டுப்போய்.
"இத ஆக்கித் தின்னுறாதீங்க தங்கச்சி" என்று
காசு வாங்காமல் பேப்பரில் சுற்றித் தந்தார்.
நான் எங்கே தின்னப்போகிறேன்.

நீர்கொழும்பில் பிடிபட்டிருக்கும்.
ஐஸ் லொறியில் படுத்தபடி
கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி
நோர்வூட் சந்தைக்கு வந்திருக்கிறது.
உயிரோடிருந்த காலத்தில்
மலை என்று ஒன்று உண்டென்றே
இதற்குத் தெரிந்திருக்காது.
இன்று சாயங்காலம் காசல்ரீ தண்ணியில் இறங்கும்,
வாழ்க்கையில் முதல் தடவையாக
உப்பில்லாத தண்ணியில்.
வாழ்க்கையில் என்றா சொன்னேன்?

கொக்கியை வாயில் மாட்டக்கூடாது.
வாலடியில் நுழைத்து, நடுமுள்ளை ஒட்டி ஏற்றி,
தையல் நூலால் மூன்று சுற்று.
செத்ததற்குச் சதை இளக்கம்,
கட்டாவிட்டால் வீசுகிற வேகத்தில்
கொக்கியை விட்டுத் தான் மட்டும் பறந்துவிடும்.
வயிற்றில் பிளேடால் ஒரு கீறல்,
வாடை தண்ணியில் நடந்து போக.
ஈயத்துக்குப் பதில் ஒரு பழைய நட்டு,
ஃபெக்டரி ரோலரிலிருந்து கழன்றது,
யாரும் தேடாதது.

கொழுந்தன் சேதுராசன் கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறான்.
அவனிடம் ஒரு பிளாஸ்டிக் மீன்,
புறக்கோட்டையில் ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.
வெள்ளிச் செதில், உருளும் கண்.
வீசுகிறான், வெட்டி வெட்டி இழுக்கிறான்,
அதுவும் துள்ளுகிறது, நெளிகிறது,
எனக்கே பசியெடுக்கிற மாதிரி.
"ஆட்டுங்க மதினி,
உசிரு இருக்கிற மாதிரி காட்டணும்."

விலாங்குக்கு எதற்கு அந்த நாடகம்.
செத்ததென்று தெரிந்துதானே தேடி வருகிறது.
சேற்றில் கிடக்கட்டும் என்று
நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு
கல்லில் உட்கார்ந்தேன்.

அவர் போய் மூன்று வருஷம்.
பிறப்புப் பதிவில் காளிராஜ்,
செக்ரோலில் காளிராசு.
ஓர் எழுத்துக்காகச் சேமலாபக் காசு
நாரஹேன்பிட்டியில் நிற்கிறது.
மாதா மாதம் தலைவர் லயத்துக்கு வருவார்.
"காளிராசு காசு வந்துகிட்டே இருக்கு" என்பார்,
பிளேன்ட்டி குடிப்பார்.
நான் சந்தா கொடுப்பேன்.
அவரும் நூலை ஆட்டுவதே இல்லை.

பனி இறங்கி அக்கரை விளக்குகளைத் துடைத்தது.
கணுக்காலில் ஒன்று குளிர்ந்து ஊர்ந்தது.
அட்டைக்கு மட்டும் உயிருள்ளதுதான் வேண்டும்.
பதினெட்டு வருஷம் கொழுந்து மலையில்
அதுகளுக்கு நான் இரை,
அதற்குப் பேரில்லை, செக்ரோலில் ஏறவும் இல்லை.
உப்பு கொண்டுவர மறந்திருந்தேன்.
சாளை சுற்றிய பேப்பரின் ஈரத்தைத் தேய்த்தேன்,
விழுந்தது. கடல் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்.

சேதுராசனின் மீன்
தண்ணிக்குள் மூழ்கிய ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது.
இழுத்தான், கெட்ட வார்த்தை சொன்னான்,
நான் இருப்பது ஞாபகம் வந்து
பாதியில் விழுங்கினான்.
கடைசியில் பல்லால் நூலைக் கடித்தான்.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்
கீழே கண்ணை உருட்டிக்கொண்டு கிடக்கும்,
பட்டினியே இல்லாமல்.

அப்போதுதான் என் விரல் இறுகியது.
வெட்டு இல்லை, துள்ளல் இல்லை.
கடன்காரர் கதவைத் தள்ளிப் பார்ப்பது போல
ஓர் இழுப்பு. நிறுத்தம். இன்னோர் இழுப்பு.
விட்டேன். ஆறு எண்ணினேன்.
"இழுங்க! இழுங்க!" என்கிறான் இவன்.
பதினொன்று. பன்னிரண்டு.
இழுத்தேன்.

கனம் வந்தது, ஒரு பாகத் தூரம் வந்தது,
பிறகு வரவில்லை.

கையில் பாதிச் சாளை.
வால் பக்கம் போயிருந்தது
வரிசையாகச் சின்னப் பல் தடத்தோடு,
கொக்கி வெறும் முள்ளில் தொங்கியது.
"சரி வாங்க, நாளைக்குப் பாத்துக்குவோம்."

பேப்பரில் இன்னும் மூன்று முழுசாக இருந்தன.
என்னமோ, அவற்றை எடுக்கத் தோன்றவில்லை.
தலை இருக்கிறதே. கடித்த ருசி
அதன் வாயிலும் இருக்கும் இந்நேரம்.
பாதியையே செவுள் வழியாகக் குத்தி,
இந்தத் தடவை ஐந்து சுற்று.